மருமகளை அழவைக்கும் கிழங்கு

வன்காயோ, பெரு
4 செப்டம்பர் 1977

அன்புள்ள சரோஜக்காவுக்கு,

சரணு சரணார்த்தி. நான் நலம். உன் முழங்கால், பாவாவின் மூச்சிரைப்பு, முக்தாவின் ஆடும் பல், மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று முதலில் எழுது.

உருளைக்கிழங்கு ஆய்வு நிலையத்தில் என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். முக்தாவின் அப்பா காலமான பிறகு, "ஒரே வருஷம் அக்கா" என்று சொல்லி அவளை உன்னிடம் விட்டுவிட்டு இங்கே வந்தேன். அந்த ஒரு வருஷம் இரண்டாகிவிட்டது. இனி அதை மூன்றாக்க எனக்கு மனமில்லை. இரண்டு அறை வீடு பிடித்துவிட்டேன். கட்டிலும் செய்யச் சொல்லியிருக்கிறேன். "பொண்ணு எவ்வளவு உசரம்?" என்று தச்சர் கேட்டார். கையை நீட்டி ஓர் உயரத்தைக் காட்டிவிட்டு வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது, நான் காட்டியது எட்டு வயது முக்தாவை. திரும்ப ஓடிப் போய் ஒரு சாண் கூட்டச் சொன்னேன்.

இங்கே பள்ளி ஏப்ரல் முதல் தேதி திறக்கிறது. கன்னியாஸ்திரிகள் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குள் வராவிட்டால் அது வேறு பெண்ணுக்குப் போய்விடும். மே மாதம் மனுப் போட்ட பாஸ்போர்ட் எந்நேரமும் வரலாம். வந்ததும் எண்ணைத் தந்தியடி. விசாவுக்கு ஒரு மாதம் பிடிக்கும்.

இந்த உயரத்தில் பருப்பு வேக ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் எனக்குப் பசி போய்விடுகிறது. முக்தாவுக்கு முத்தம்.

உன் தங்கை,
நீலாம்பிகா

—

மாளமட்டி, தார்வாட்
2 அக்டோபர் 1977

சிரஞ்சீவி நீலாவுக்கு அக்காவின் அநேக ஆசீர்வாதம்.

இவ்விடம் எல்லோரும் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நான் டாக்டரை மாற்றிவிட்டேன். எனக்கு வாய்த்தவர், உன் பாவா, இன்னும் தபால் ஆபீஸை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார். காப்பி டம்ளரை வைத்தால், "எத்தனை மணிக்கு வந்துச்சு?" என்று கேட்கிறார். முத்திரை குத்தாமல் இவர் எப்படிக் குடிக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எதிர்வீட்டு குல்கர்ணியின் மனைவி குளிர்ப்பெட்டி வாங்கி அதற்குப் பூட்டும் போட்டிருக்கிறாள். சாவி இடுப்பில். உள்ளே இருப்பது அரைப்படி மோரும் இரண்டு எலுமிச்சம்பழமும். நான் எட்டிப் பார்க்கவில்லை. அவள் திறக்கிறபோது என் கண் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

முக்தாவுக்குச் சளி பிடித்துவிட்டது. பல் விழுந்து புதுசு முளைத்திருக்கிறது. பள்ளியில் நாடகத்துக்கு எடுத்திருக்கிறார்கள். மந்திரி வேஷம். ராஜாவைவிட மந்திரிக்குத்தான் வசனம் அதிகம் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பாஸ்போர்ட்டைக் கேட்டிருந்தாய். சர்க்கார் காரியம் உனக்குத் தெரியாததா? எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. கட்டிலைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். இங்கே அவளுக்குக் கட்டில் கிடையாது, என் பக்கத்தில்தான் படுக்கிறாள். உதைக்கிறாள்.

அவளும் இரண்டு வரி எழுதுகிறாள்.

ஆசீர்வாதத்துடன்,
சரோஜினி

மதிப்பிற்குரிய அவ்வாவுக்கு, நான் நலம். தாங்கள் நலமா? கணக்கில் எண்பத்தொன்று வாங்கினேன். இங்கே மழை பெய்கிறது. தங்கள் அக்காவாகிய தொட்டவ்வா நலம். இப்படிக்கு, முக்தா பசவராஜ், ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு.

—

வன்காயோ
28 அக்டோபர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

சரணு சரணார்த்தி. நலம், நலமறிய அவா. பெற்ற அவ்வாவுக்கு என் மகள் எழுதியிருப்பதைப் படித்தேன். தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்குப் போடும் மனு இன்னும் கொஞ்சம் உருக்கமாக இருக்கும். அவளைக் குறை சொல்லவில்லை. 'ஆ பிரிவு' என்று எழுதாவிட்டால் எந்த முக்தா என்று எனக்குக் குழம்பிவிடும் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

இங்கே நடந்த ஒரு மானக்கேட்டைச் சொல்கிறேன், சிரித்துக்கொள். மலைமேல் ரூமிபம்பா என்று ஓர் ஊர். அங்கே ஃபோர்த்துனாத்தா என்று ஒரு விதவை, உன் வயசுதான் இருக்கும். போன மழையில் கருகல் நோய் வந்து ஊர் வயலெல்லாம் கறுத்துப்போனபோது அவள் வயலில் ஒரு மூலை மட்டும் பச்சையாக நின்றது. அந்த ரகம் கிடைத்தால் என் இரண்டு வருஷ உழைப்புக்கு அர்த்தம் வரும். கிழங்கைப் பார்த்தேன். இஞ்சிக்கும் அன்னாசிக்கும் பிறந்தது போல உடம்பெல்லாம் முடிச்சு. இங்கே அதன் பெயர் 'மருமகளை அழவைப்பது'. பெண் பார்க்கும்போது அதைக் கையில் கொடுத்துத் தோலெடுக்கச் சொல்வார்களாம். வீணாக்காமல் எடுத்துவிட்டால் அவள் மருமகள்.

பத்து விதைக்கிழங்கு கேட்டேன். "அது மருமவளுக்கு மட்டுந்தான் குடுக்கிறது, டாக்டரம்மா. என் மவன் எவுசேபியோவுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. வேணும்னா நீ உரிச்சுக் காட்டு" என்றாள். நானும் கத்தியை வாங்கினேன். நுண்ணோக்கியில் பூஞ்சையின் ஒற்றை இழையைப் பிரித்தெடுக்கிற கை இது. அரை மணி நேரம். கடைசியில் என் உள்ளங்கையில் மிஞ்சியது ஒரு கோலிக்குண்டு. தோல் ஒரு கூடை.

ஃபோர்த்துனாத்தா அந்தக் கோலிக்குண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன் மாமியா ரொம்ப நல்லவளா இருந்திருக்கணும்." பிறகு, "பிள்ளை இருக்கா?" என்றாள். இருக்கிறாள் என்றேன். "எங்கே?" அக்காவிடம் என்றேன். அவள் என் பையில் இரண்டு வெந்த கிழங்கைப் போட்டு அனுப்பினாள்.

அக்கா, பாஸ்போர்ட் விஷயமாகப் பாவாவை ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லேன். ஏப்ரல் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். இல்லை.

உன்,
நீலா

—

தார்வாட்
8 டிசம்பர் 1977

சிரஞ்சீவி நீலாவுக்கு ஆசீர்வாதம்.

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முதலில் முக்தாவுக்குப் புட்டாளம்மை. அது இறங்கியது, நாடகம் வந்தது. நாடகம் முடிந்தது, அரைப்பரீட்சை வந்தது. நடுவில் எனக்கு வயிறு சரியில்லை. இதற்கெல்லாம் நடுவே குல்கர்ணியின் மனைவி குளிர்ப்பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டாள். மூன்று நாள் தெரு முழுக்கத் தேடியது. கடைசியில் சாவி குளிர்ப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. எப்படி என்று கேட்காதே, அவளாலேயே சொல்ல முடியவில்லை.

மந்திரி வேஷத்தில் உன் மகள் பிரமாதம். ராஜா வசனத்தை மறந்துவிட்டான். இவள் அவன் வசனத்தையும் சேர்த்துச் சொல்லி, "அப்படித்தானே மன்னா?" என்று முடித்தாள். முன்வரிசையில் இருந்து நான் கைதட்டிய தட்டலில் வளையல் இரண்டு உடைந்தது.

யோசித்துப் பார்த்தேன் நீலா. ஐந்தாம் வகுப்பு முடிக்கட்டும். புது ஊர், புது பாஷை, மூச்சு முட்டும் உயரம், எதற்கும் ஓர் அவசரம் கூடாது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வேறு இருக்கிறதாமே. கிழங்கு கதை படித்துச் சிரித்தேன். உனக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க நம் அவ்வா வந்தபோதெல்லாம் நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாமரத்தில் ஏறிவிடுவாய். மரத்தில் ஏறியவளுக்குக் கிழங்கு எப்படி வசப்படும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆசீர்வாதத்துடன்,
சரோஜினி

(மடிப்பின் ஓரத்தில், பொடி எழுத்தில்:)

சிரஞ்சீவி நீலாவுக்கு. கடிதத்தை ஒட்டும் வேலை என்னுடையது, ஓரத்தில் இடம் மிச்சமிருக்கிறது. தபால்துறை ஊழியன் பிறர் கடிதத்தைப் படிக்கக் கூடாது, நான் படிக்கவில்லை. இலாகா சம்பந்தப்பட்ட ஒரு தகவலை மட்டும் தெரிவிக்கிறேன். கடந்த செப்டம்பர் 14 அன்று இம்முகவரிக்குப் பதிவுத் தபால் ஒன்று பட்டுவாடா ஆகியுள்ளது. அனுப்பியது பாஸ்போர்ட் அலுவலகம். உள்ளே என்ன என்று நான் அறியேன். பெற்றுக்கொண்ட கையொப்பம் உன் அக்காவுடையது. இப்படிக்கு உன் பாவா, வி. அங்கடி.

—

வன்காயோ
27 டிசம்பர் 1977

அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. முக்தாவின் புட்டாளம்மை குணமானது பற்றி மகிழ்ச்சி.

ஏப்ரலுக்கு மூன்று மாதம் இருக்கிறது.

நீலாம்பிகா

—

வன்காயோ
22 ஜனவரி 1978

அன்புள்ள அக்காவுக்கு,

சரணு சரணார்த்தி. என் போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. அது கடிதமே இல்லை என்பதால் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

செப்டம்பர் 14 அன்று வீட்டுக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே, கேட்டால் பாவாவுக்கு ஒரு வாரம் சாப்பாடு கிடைக்காது. தெரிந்ததும் உனக்கு நான்கு கடிதம் எழுதினேன். நான்கையும் நோய்க் கிழங்கு எரிக்கிற அடுப்பில் போட்டேன். அவற்றில் இருந்த சொற்கள் அந்த அடுப்புக்கு ஏற்றவைதான்.

ஐந்தாவது எழுத உட்கார்ந்தவள், எழுத முடியாமல் ரூமிபம்பாவுக்குப் பஸ் ஏறினேன். வேலை நிமித்தம் என்று பதிவேட்டில் எழுதினேன், அது பொய். ஃபோர்த்துனாத்தா களை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு களைக்கொட்டைக் கொடுத்தாள். இரண்டு வரிசை முடிவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"விதை யாருது?"

"என்னோடது."

"மண்ணு யாருது? தண்ணி யாருது? களை எடுத்தது யாரு?"

"அக்கா."

"அப்போ அது பங்கு வெள்ளாமை, பாதி வாரம். எங்க ஊருல விதையை ஒருத்தி குடுத்து இன்னொருத்தி வெளைய வெச்சா, அறுப்பன்னிக்கு ரெண்டு பேரும் வயல்ல நிக்கணும். வெளைய வெச்சவ மொதக் கிழங்கைத் தொடணும். அதுக்கப்புறந்தான் பங்கு. நீ என்ன பண்ணுனே? மலைக்கு அந்தப் பக்கம் ஒக்காந்துக்கிட்டு மூட்டையை அனுப்பு, மூட்டையை அனுப்புன்னு ஆள் மேல ஆள் வுட்டிருக்கே. நானா இருந்தா மூட்டையை மச்சுல ஒளிச்சிருப்பேன். டாக்டரம்மான்னு வேற சொல்லிக்கிறே."

அக்கா, என் எல்லாக் கடிதத்தையும் நினைத்துப் பார்த்தேன். பாஸ்போர்ட் எண், தேதி, பள்ளி, தந்தி. உன்னிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். முக்தாவை எனக்குக் கொடுப்பாயா?

இன்னொன்று. நிலையம் எனக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வர ஒரு டிக்கெட் தருகிறது. இயக்குநரிடம் போய், நான் போகவில்லை, அதை எதிர்ப்பக்கமாகத் திருப்பித் தாருங்கள் என்றேன். அப்படி ஒரு படிவம் கிடையாது என்றார். படிவம் செய்யுங்கள் என்றேன். செய்துவிட்டார். முக்தாவோடு நீயும் வா. அறுவடை வரைக்கும் இரு. எனக்கு அவளைத் தெரியாது அக்கா. அவள் எதற்கு அழுவாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள், ஒன்றும் தெரியாது. சொல்லிக் கொடுக்க வா.

உன்,
நீலா

—

தார்வாட்
12 பிப்ரவரி 1978

என் நீலாவுக்கு,

எல்லோரும் நலம். நேற்று பாஸ்போர்ட் எண்ணைத் தந்தியில் அனுப்பிவிட்டேன், கிடைத்திருக்கும்.

அது சோள மாவு டப்பாவில் இருந்தது. அடியில், பிளாஸ்டிக் உறையில். நீ ஒருமுறை எழுதியிருந்தாய், வெளியூர்க் கிழங்கு வந்தால் ஒரு பருவம் தனியே பூட்டி வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே விடுவோம் என்று. நானும் அதைத்தான் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்யடி. நோய் எனக்குத்தான்.

முதல் நாள் நினைத்தது வேறு. தீபாவளி முடியட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் வைத்தேன். தீபாவளி முடிந்தது. சங்கராந்திக்கு அவளுக்கு எள்ளும் வெல்லமும் யார் கொடுப்பார்கள் என்று தோன்றியது. காலண்டரில் பண்டிகைக்கா பஞ்சம்? உன் அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்று இந்தத் தெரு இருபத்தெட்டு வருஷமாகப் பேசியது. முக்தா வந்தபிறகு பேச்சை நிறுத்தியது. பேச்சு நின்ற வீடு நன்றாகத்தான் இருந்தது.

இதை உனக்கு எழுதாமலே விட்டிருப்பேன். போன வாரம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். மாவு தீர்ந்துவிட்டது. "முக்தா, பெரிய டப்பாவில இருந்து ரெண்டு கை அள்ளிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. ஓடினேன். அவள் அள்ளிக்கொண்டு நிதானமாக எதிரே வந்தாள். "டப்பாவுக்கு அடியில..." என்று ஆரம்பித்தேன். "தெரியும் தொட்டவ்வா, நாடகத்துக்கு முன்னாடியே பார்த்துட்டேன். மாவு படாம நல்லா மூடி வெச்சிருக்கேன்" என்றாள்.

மூன்று மாதமாக அவளுக்குத் தெரியும். என் திருட்டுக்கு அவள் காவல் நின்றிருக்கிறாள். "உனக்கு அவ்வாகிட்ட போக வேண்டாமா?" என்று கேட்டேன். "அவ்வாவுக்கு என்னைத் தெரியாதே. வந்து பார்த்துட்டு இது வேற பொண்ணுன்னு சொல்லிட்டா?" என்றாள். பிறகு, "நீங்க அழுவீங்கன்னுதான் கேக்கல" என்றாள்.

பத்து வயதில் ஒரு குழந்தை இரண்டு பெண்களின் மனசைத் தராசில் வைத்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாம் இரண்டு பேரும் படித்தவர்கள். நீ பட்டம், நான் பத்திரிகை.

நீ கேட்டாய். கொடுக்கிறேன். நானும் வருகிறேன். உன் ஃபோர்த்துனாத்தாவிடம் சொல், மூட்டையை மச்சில் ஒளிப்பதைவிட மாவு டப்பா மேல் என்று.

உன்,
அக்கா

பி.கு.: எனக்குப் பாஸ்போர்ட் கிடையாதே. அதற்கு என்ன செய்வது?

—

தார்வாட்
1 மார்ச் 1978

சிரஞ்சீவி நீலாவுக்கு ஆசீர்வாதம். நலம்.

உன் அக்காவின் பின்குறிப்புக்கு விளக்கம்: டிசம்பர் மாதம் உனக்கு அந்த ஓரக் குறிப்பை எழுதிய மறுநாளே ஒரு விண்ணப்பத்தில் அவளிடம் கையொப்பம் வாங்கினேன். அஞ்சல் சேமிப்புப் படிவம் என்று சொன்னேன். அவள் படிக்காமல் கையெழுத்துப் போடுவாள் என்பது எனக்குக் கல்யாணப் பதிவேட்டிலிருந்தே தெரியும். அந்தப் பெண்ணைத் தனியாக அனுப்ப இவளால் முடியாது, வரவழைக்காமல் இருக்க உன்னால் முடியாது. ஆகவே இவளும் போக நேரும் என்று கணக்குப் போட்டேன். போன வாரம் பதிவுத் தபாலில் வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்துக் கையொப்பம் வாங்கினேன். பிரித்துப் பார்த்தவள், முப்பத்தொரு வருஷம் மாசில்லாத என் சேவையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னாள். அவை இங்கே தேவையில்லை.

மார்ச் 23 பம்பாயிலிருந்து விமானம். மண், விதை, வேர் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டியிருக்கிறேன். தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்பது உனக்கும் தெரியும்.

அவள் கைப்பையில் ஓர் ஒப்புகை அட்டை வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலோடு போகிற அதே அட்டைதான். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் நிரப்பிவிட்டேன். உன் கையொப்பம் வேண்டும். சரியானபடி பட்டுவாடா ஆயிற்று என்று அவளுக்குத் திருப்தி ஏற்பட்ட பிறகுதான் அட்டையை நீட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வாசலில் போட்டுவிட்டு வருவது பட்டுவாடா ஆகாது.

வி. அங்கடி

—

வன்காயோ
9 ஏப்ரல் 1978

மகாராஜஸ்ரீ போஸ்ட் மாஸ்டர் அவர்களுக்கு, அடியாள் சரோஜினி எழுதிக்கொண்டது.

நலமாக வந்து சேர்ந்தோம். மெஸ் சாப்பாடு எப்படி? ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். லிமாவிலிருந்து மலை ஏறும் ரயிலில் ஒரு மனிதன் பையில் காற்று வைத்துக்கொண்டு வருகிறான். மூச்சு முட்டுகிறவர்களுக்கு மூக்கில் கொடுக்கிறான். நான் மூன்று தடவை வாங்கிக்கொண்டேன். மூன்றாவது தடவை மூச்சு நன்றாகத்தான் இருந்தது, ஆளைக் கூப்பிட்டால் வருகிறானே என்று கூப்பிட்டேன்.

விமான நிலையத்தில் நான் கறிவேப்பிலை விதை கொண்டுவந்தது தெரிந்துவிட்டது. பிடித்தது அதிகாரி இல்லை, என் தங்கை. கட்டிப்பிடித்தவள் மூக்கை உறிஞ்சினாள், "அக்கா, இடுப்புல என்ன?" என்றாள். அவளே எடுத்துக்கொண்டுபோய் எரிக்கக் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் கட்டிப்பிடித்தாள்.

முக்தாவை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். 'வேற பொண்ணு' என்று சொல்லவில்லை. ஆனால் தொடத் தயங்கினாள், கண்ணாடிச் சாமானை யாரோ கையில் கொடுத்தது போல. ஏப்ரல் மூன்றாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்குப் போகிறாள். கட்டில் நான்கு விரல் குட்டை. முக்தா காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, "சரியா இருக்கு அவ்வா" என்கிறாள்.

அதுதான் எனக்குக் கவலை. நீலா செய்யும் உப்புமா சுவருக்குப் போஸ்டர் ஒட்ட ஆகும். "நல்லா இருக்கு அவ்வா, போதும் அவ்வா, நன்றி அவ்வா" என்று சாப்பிடுகிறாள். நம் வீட்டில் இந்தப் பெண் ஒரு வேளையாவது சண்டை போடாமல் சாப்பிட்டதுண்டா? இங்கே பெண் பார்க்க வந்தவள் போல உட்கார்ந்திருக்கிறாள். நீலாவும் நல்ல பிள்ளையாக, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்கிறாள். இரண்டு விருந்தாளிகளுக்கு நடுவில் நான் ஒருத்திதான் வீட்டுக்காரி.

அட்டை கைப்பையில் இருக்கிறது. நீட்டவில்லை.

சரோஜினி

—

வன்காயோ
21 மே 1978

மகாராஜஸ்ரீ போஸ்ட் மாஸ்டர் அவர்களுக்கு,

சௌக்கியம். உங்கள் கடிதத்தில் இளைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நம்பவில்லை, ஆனால் கேட்கச் சுகமாக இருந்தது.

முதலில் அறுவடைக் கதை. போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ரூமிபம்பா போனோம். ஃபோர்த்துனாத்தா தலையில் தொப்பி, பாவாடைமேல் பாவாடை, குரல் மட்டும் நம் சந்தைக்கடைப் பார்வதவ்வாவுடையது. அவள் சொன்னதை நீலா சொல்லச் சொல்லப் புரிந்துகொண்டேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு நீலா தேவைப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, "மூட்டையை ஒளிச்சவ இவதானா?" என்றாள். ஒப்புக்கொண்டேன். "எத்தனை மாசம்?" ஐந்து என்றேன். "பரவால்லை, நானா இருந்தா ஒரு வருஷம் இழுத்திருப்பேன்" என்று சொல்லி அந்த அழவைக்கும் கிழங்கையும் கத்தியையும் என் கையில் வைத்தாள்.

புதுசாகத் தோண்டிய கிழங்கு. இதற்குக் கத்தி எதற்கு? கோணிச் சாக்கு ஒன்றும் கல்லுப்பு ஒரு பிடியும் கேட்டேன். சாக்கில் போட்டு, உப்பைத் தூவி, நம் ஊர்க் கல்யாண வீட்டில் சமையல்காரர் செய்வாரே, அப்படித் தரையில் வைத்துத் தேய்த்தேன். முழங்கால் வலித்தது. மானம் அதைவிடப் பெரிசு. முடிச்சுக்குள் இருந்த தோல்கூட வந்துவிட்டது. கிழங்கு மொட்டையடித்த குழந்தை போல இருந்தது.

ஒரே ரகளை. ஒருத்தி, கத்தி இல்லாமல் செய்தால் செல்லாது என்றாள். இன்னொருத்தி, கத்தியால்தான் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது, அழுதாளா இல்லையா அதைப் பார் என்றாள். நீலா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "எனக்கு ஏன் இது தோணல?" என்றாள். "மாமரத்துல சாக்கு இல்லையே" என்றேன்.

கடைசியில் ஃபோர்த்துனாத்தா விதைக்கிழங்கை எண்ணாமல் அள்ளி என் மடியில் போட்டாள், நாற்பதாவது இருக்கும். கவனியுங்கள், நீலாவுக்கு இல்லை, எனக்கு. எவுசேபியோவுக்கு நான் கொஞ்சம் வயசு கூடத்தான், ஆனால் கெட்டிக்காரி என்றாளாம். நீங்கள் ஒருவர் ஊரில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவைத்தேன். பாதியை நீலாவின் நிலையத்துக்குக் கொடுத்துவிட்டேன். மீதியை நான் ஊருக்குக் கொண்டுவர முடியாது, என் தங்கையே எரித்துவிடுவாள். ஆகவே அதை ஃபோர்த்துனாத்தாவிடமே பாதி வாரத்துக்கு விட்டிருக்கிறேன். அறுப்பன்று இரண்டு பேரும் வயலில் நிற்க வேண்டும் என்பது சட்டம். ஆகையால் அடுத்த டிக்கெட்டும் எதிர்ப்பக்கம்தான் திரும்பும். நீங்களும் ஓய்வு பெற்றிருப்பீர்கள், தயாராக இருங்கள்.

இனி முக்கியமான விஷயம். நேற்று சாயங்காலம் நீலா சோள ரொட்டி தட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். முக்தா ஒரு வாய் வைத்தாள். மென்றாள். மறுபடியும் மென்றாள். பிறகு தட்டைத் தள்ளினாள்.

"இது ரொட்டியா அவ்வா? செருப்பு. தொட்டவ்வா தட்டினா ஊதினாப் பறக்கும்."

"பறக்கிறது வேணும்னா வானத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரு. எனக்கு இவ்வளவுதான் வரும்."

"கட்டில்கூடக் குட்டை. ரெண்டு மாசமா கால் மடக்கிப் படுக்கிறேன். உனக்குத் தெரியவே தெரியாது."

"சொன்னாத்தானே தெரியும்? வாயில என்ன கிழங்கா வெச்சிருந்தே?"

"போ."

"நீ போ."

கதவு ஒரு அறை அறைந்தது. நான் மெள்ளக் கொல்லைப்பக்கம் போய் அடுத்த வீட்டுப் பன்றியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் என்னவோ விழுந்திருந்தது. சற்று நேரத்தில் முக்தா வந்து என் முந்தானையைப் பிடித்தாள். "தொட்டவ்வா, அவ்வா வந்து என்னைச் சமாதானம் பண்ண மாட்டாளா?" என்றாள். அள்ளி எடுத்துக்கொள்ளத்தான் கை துடித்தது. கையைக் கட்டிக்கொண்டு, "எனக்கென்ன தெரியும்? நான் இந்த வீட்டுக்கு விருந்தாளி. போய் உன் அவ்வாவைக் கேளு" என்றேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். நான் எட்டிப் பார்க்கவில்லை, கதவு இருந்த பக்கம் என் கண் இருந்தது, அவ்வளவுதான். நீலா ஒரு முக்காலியைக் கட்டிலின் கால்மாட்டில் இழுத்துப் போட்டு, அதன்மேல் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள். முக்தா படுத்துக் காலை நீட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். இல்லை, அந்தப் பக்கம். உனக்கு ஒண்ணுமே தெரியல அவ்வா" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். என் தங்கை, ஒன்பது பேருக்கு மேலதிகாரி, சொன்னபடியெல்லாம் முக்காலியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

இன்று காலை ஜூன் 10ஆம் தேதி டிக்கெட்டை உறுதி செய்துவிட்டேன். நான் ஒருத்திதான். பம்பாய்க்கு வந்துவிடுங்கள், எனக்குத் தனியாகப் பெட்டி தூக்க வராது. வீட்டில் என் பாயை மட்டும் விரித்து வையுங்கள். முதல் சில நாள் யாரும் உதைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. அதற்கு உங்களால் ஏதாவது செய்ய முடியுமா என்று யோசியுங்கள்.

காப்பி குடித்த பிறகு கைப்பையைத் திறந்து உங்கள் அட்டையை நீட்டினேன். நீலா அதை ரொம்ப நேரம் படித்தாள். 'பொருள்' என்ற இடத்தில் நீங்கள் 'ஒன்று, விலைமதிப்பு குறிப்பிட இயலாது' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் பேனா கேட்டாள். அவள் போட்ட கையெழுத்துக்குக் கீழே இன்னொருத்தியும் வந்து போட்டுவிட்டாள். பொருளே தன்னைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுவது விதிப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. 'ஆ பிரிவு' என்று எழுதவில்லை.

அட்டையை இத்துடன் இணைத்திருக்கிறேன். முத்திரை குத்திக்கொள்ளுங்கள். பட்டுவாடா ஆயிற்று.

சரோஜினி